இரண்டாயிரத்தானின் இடக்கை

மீசாலையில் என் பெறாமகளின் வளவில், தென்னைகளுக்கு நடுவே தறப்பாள் கட்டி இருக்கிறோம். அன்று காலை ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் வாசிகசாலைச் செயலாளர் தருமலிங்கம் சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்குள் வந்தார். ஏறி ஓடி வரும் மனிதர் உருட்டி வந்ததிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

“நவமண்ணை மோசம் போட்டார், மாமி. விடியப்புறம் மூச்சு முட்டி இழுத்தது. தங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்புக்குள்ளையே முடிஞ்சுது.”

அடுப்பு தானாக அணைந்தது. அன்று நான் அதைத் திரும்ப மூட்டவில்லை.

அவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்க இந்தக் கல்வெட்டுப் புத்தகத்தை அச்சடிக்கிறார்கள். வேறு தாள் கிடையாததால் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில்தான் வருகிறது. கோட்டின் மேலே எழுத்து ஓடினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னை ஏன் எழுதச் சொல்கிறீர்கள் என்று தருமலிங்கத்தைக் கேட்டேன். “அவற்றை கதையளை ஊரிலை முதல் வாசிச்ச ஆள் நீங்கள்தானே” என்றார். அது உண்மை. என் பேர்த்தி கோபிகா வகுப்பில் முதலாம் பிள்ளை. ஆனால் இந்த விஷயத்தில் அவளுக்கும் முன்னால் நிற்கிறவள் நான்.

நவம் என்று நாங்கள் கூப்பிடும் நவரத்தினம் எண்பத்துமூன்று கலவரத்தோடு கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியவர். கொழும்பில் வரைபடம் கீறும் உத்தியோகம். கலவரத்தில் எரிந்த அவருடைய வீட்டிலே தளபாடத்தை விட அதிகமாக இருந்தவை வெள்ளைக்காரரின் படக்கதைப் புத்தகங்கள்தானாம். முகமூடி போட்டவர்கள், பறக்கிறவர்கள், வேறு கிரகத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஒரே பகலில் சாம்பலாகிவிட்டார்கள் என்று சொல்வார். ஊருக்கு வந்தபின் சுன்னாகம் சந்தையில் கடைகளுக்கும் வெங்காய லொறிகளுக்கும் பெயர்ப்பலகை எழுதிச் சீவித்தார். சனிக்கிழமைகளில் எங்கள் வாசிகசாலையில் தான் படக்கதை கீறிய ஒரு பெரிய தாளைக் கயிற்றில் கொழுவுவார். அதில்தான் இரண்டாயிரத்தான் பிறந்தான்.

முதல் தாளை அவர் என் வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தது கண்ணுக்குள் நிற்கிறது. வாசிகசாலைப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்ததால் வந்தவர், அப்படியே என்னிடம் வாசிக்கவும் தந்துவிட்டார்.

“உவன் ஆர் தம்பி?”

“இரண்டாயிரமாம் ஆண்டிலையிருந்து வாறவன், அக்கா.”

“ஏன் சால்வையை முதுகிலை கட்டியிருக்கிறான்? காய்ச்சலோ?”

“பறக்கிற ஆக்கள் அப்பிடித்தான் கட்டுறவை.”

“இவன் ஒரு படத்திலும் பறக்கேல்லையே!”

“பறக்கத் தெரியாது. ஒருநாள் பறப்பன் எண்டு அவனுக்கொரு நினைப்பு.”

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்தது. அந்த வீரனுக்குப் பலமும் இல்லை, ஆயுதமும் இல்லை. இரண்டு உள்ளங்கைகள்தான். வலக்கையை விரித்தால் நாங்கள் கவனமாக இருந்தால் வரும் காலம் தெரியும். இடக்கையை விரித்தால் இல்லாவிட்டால் வரும் காலம் தெரியும். ஒரு வேலியால் சண்டை பிடித்த இரண்டு சகோதரர்களுக்கு வலக்கையில் இரண்டு வீடு காட்டினான், இடக்கையில் வேலி மட்டும் காட்டினான். வாசித்த அன்றைக்கே எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆர் என்று நான் எழுதப்போவதில்லை. அவர்களும் இதை வாசிப்பார்கள்.

இடக்கையை ஏன் கீறுகிறீர் என்று ஒருநாள் கேட்டேன். அவர் தூரிகையைக் கீழே வைத்தார். “கொழும்பிலை வீடு எரியிறதுக்கு முதல்நாள் பின்னேரம் பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாலை சிரிச்சுக் கதைச்சவர், அக்கா. அண்டைக்கு ஆராவது எனக்கு இடக்கையை விரிச்சுக் காட்டியிருந்தால் பிள்ளையளின்ரை படத்தையாவது எடுத்துக்கொண்டு வந்திருப்பன்.” அவருடைய பிள்ளைகளைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பிறகொரு சனிக்கிழமை, இடக்கைக்குள் சுன்னாகம் ஸ்ரேசன் வந்தது. தண்டவாளத்துக்கு நடுவில் இடுப்பளவு புல். மேடையில் ஒரு ஆடு படுத்திருந்தது. “கடைசி ரயிலுக்கு ஆடு மட்டும்தான் ரிக்கற் எடுத்ததோ?” என்று பெடியள் பகிடி பண்ணினார்கள். அடுத்த கிழமைத் தாளில் மின்கம்பங்களில் கம்பியில்லை. அதற்கும் சிரித்தோம். தொண்ணூறில் ரயில் நின்றது, வெளிச்சமும் போனது. தண்டவாளத்தைப் பங்கருக்குக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதன்பின் வாசிகசாலையில் அந்தத் தாளுக்கு முன்னால் ஒருவரும் சிரிக்கவில்லை. கைகட்டிக்கொண்டு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அங்கேதான் எங்கள் ஊர் பிழைவிட்டது. இரண்டாயிரத்தானைச் சாமியாக்கியது. மகனைத் தேடிக்கொண்டிருந்த செல்லம் ஒரு சீப்பு வாழைப்பழமும் கற்பூரமும் கொண்டுவந்து தாளுக்கு முன்னால் கொளுத்திவிட்டு நவத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்ரை மோனை வலக்கையிலை கீறிவிடுங்கோ, ஐயா. சின்னனாய்க் கீறினாலும் காணும்.” நவம் கற்பூரம் அணையும் வரையும் நின்றார். திரும்பி நடக்கும்போது என்னிடம் சொன்னார்: “நான் கீறிறது நடக்கிறதுக்கில்லை, அக்கா. நடக்காமல் விடுறதுக்கு. இந்தச் சனம் அதை மாறி விளங்கிப்போட்டுது.”

கும்பிட்ட வாயே திட்டவும் தொடங்கியது. கரிக்கையன் என்றார்கள். அவன் கீறுவதால்தான் கெடுதி வருகிறது என்றார்கள். கூட்டம் போட்டு, இனி இடக்கை வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். அடுத்த சனிக்கிழமை கொழுவிய தாளில் இரண்டாயிரத்தான் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேறு ஒன்றும் இல்லை. அதைப் பார்க்கப் புல் முளைத்த ஸ்ரேசனை விடப் பயமாக இருந்தது. சில கிழமைகளில் அவர்களே வந்து கேட்டார்கள்: “கையை விரிச்சுவிடுங்கோ, என்ன இருந்தாலும் பாப்பம்.”

கடைசித் தாளை இந்த ஐப்பசியில் கொண்டுவந்தார். பலாலி ஆமி முகாம் பக்கம் இடைவிடாமல் ஷெல் குமுறிக்கொண்டிருந்தது. தாளை விரித்தேன். இடக்கைக்குள் எங்கள் ஊர். ஒழுங்கை, வாசிகசாலை, கிணறுகள், துலாக்கள். வீடுகளுக்கெல்லாம் பூட்டு. ஒரு மனுசரும் இல்லை. ஒரு நாய் மட்டும் நடுரோட்டில் இருந்து எங்களைப் பார்த்தது.

“சனம் எங்கை, தம்பி?”

நான் என் வீட்டைத் தேடினேன். கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

“எல்லாற்றை வீட்டுக்கும் பூட்டுப் போட்டிருக்கிறீர். என்ரை வீட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?”

“நீங்கள் மறந்துபோடுவியள், அக்கா.”

“நானோ? என்ரை மனுசன் செத்த காலந்தொட்டு ஒருநாள் பூட்டாமல் சந்தைக்குப் போயிருக்கிறனோ? உதைக் கொழுவாதையும்!”

அவர் கொழுவினார். வலக்கை அந்தத் தாளில் பொத்தியபடியே இருந்தது. ஒருவருக்கும் நின்று வாசிக்க நேரம் கிடைக்கவில்லை. மறுநாள் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் வந்து எல்லோரையும் ஊரை விட்டு எழும்பச் சொன்னது.

மழை. பேர்த்தி அழுகிறாள், மருமகன் சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டுகிறார், ஒழுங்கை முழுக்கச் சனம். நானும் எல்லோரோடும் இழுபட்டு ஒழுங்கை முடக்கு வரைக்கும் போய்விட்டேன். அப்போதுதான் அந்தத் தாள் கண்ணுக்குள் வந்தது. கதவு திறந்து கிடக்கிறது. சத்தியமாகத் திறந்துதான் கிடந்தது. மகள் கத்தக் கத்தத் திரும்பிப் போனேன். ஆமைப்பூட்டைக் கொழுவி, இழுத்துப் பார்த்து, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தேன். நாவற்குழிப் பாலத்தில் மூச்சுவிட இடமில்லாமல் நெரிபட்டபோதும் அந்த முடிச்சை விடவில்லை.

நவம் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடித்துப் போனபோது அவர் வகுப்பு வாங்கில் சாய்ந்து மூச்சுக்குப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். முடிச்சை அவிழ்த்துத் திறப்பைக் காட்டினேன்.

“பாரும். பூட்டிப்போட்டன். உம்மடை படம் சரியில்லை.”

அவர் முகம் மலர்ந்ததை அந்த வகுப்பில் இருந்த எல்லோரும் கண்டார்கள். திறப்பை வாங்கி வலக்கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டார்.

“ஒண்டு மாறினால் காணும், அக்கா. ஒண்டு மாறினால் மற்றதும் மாறலாம்.”

“வேணுமெண்டே பூட்டைக் கீறாமல் விட்டனீரோ?”

மூச்சு இழுத்தது. கையை விரித்துத் திறப்பைத் திருப்பித் தந்தார். நான் அவரைக் கடைசியாகக் கண்டது அப்போதுதான்.

கடைசித் தாள் எங்கள் வாசிகசாலையில் தொங்குகிறது. சனமில்லாத ஊரில், சனமில்லாத ஊரின் படம். மேற்கே இருந்து சத்தம் கேட்கும்போதெல்லாம் அந்த நாய் நடுரோட்டில் இருந்து என்னைப் பார்ப்பது போலிருக்கிறது. அப்போது முந்தானை முடிச்சைத் தடவிப் பார்க்கிறேன். நவம் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். அவருடைய தாளில் என் வீடு திறந்து கிடக்கிறது. ஊரில் அது பூட்டியிருக்கிறது.