நான் கோழி வரைந்த மாலை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு மாலை. தேனியை ஒட்டிய பழனிசெட்டிபட்டியில், எங்கள் வீட்டு மாடித் தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் இரண்டாவது, மூன்றாவது படிக்கும் வாண்டுகள்.

நான் படித்தது பிளஸ் டூ வரைதான். மற்றதெல்லாம் நாலு பேர் பேசக் கேட்டுக் கற்றுக்கொண்டது. பஸ்ஸிலோ ரேஷன் கடை வரிசையிலோ யாராவது ஒரு வார்த்தையை அழகாகச் சொல்லிவிட்டால், வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொள்வேன். அடுத்தவர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை உண்டு. அன்றைக்கு அந்தப் பெருமை எங்கே போனதோ தெரியவில்லை.

அன்றைய பாடம், பறவையின் உடல் உறுப்புகள். புத்தகத்தில் கிளி இருந்தது. எனக்குக் கோழிதான் கைக்கு வரும் என்பதால் கரும்பலகையில் ஒரு கோழியை வரைந்து, அலகு, கொண்டை, இறக்கை, வால், நகம் வரவேண்டிய இடங்களில் கோடு மட்டும் இழுத்துவிட்டு, யார் வந்து பெயர் சொல்வது என்று கேட்டேன்.

ஒரு சிறுமி கை தூக்கினாள். சேர்ந்து நாலு மாதமாகியும் தானாக வாய் திறக்காத பிள்ளை. அவளுடைய அப்பா மெயின் ரோட்டில் நாட்டுக்கோழிக் கடை வைத்திருக்கிறார்; அப்போதெல்லாம் பைக்கில் என் வாசல் வரை கொண்டுவந்து விடுவார். நேராக வந்து படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"கழுத்து, றெக்கை, நெஞ்சு, தொடை..."

விரல் கத்தி மாதிரி இறங்கியது. அப்பா வெட்டுகிற வரிசை அது.

"...ஈரல், அப்புறம் கல்லுப் பை."

"ஏலே, கிலோ என்ன வெலைன்னு கேளுலே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "தோலோடயா, உரிச்சா?" என்று இன்னொன்று. மாடியே சிரித்தது. நான் அதட்டியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "ஆத்தா, நான் உசுரோட மேயிற கோழியக் கேட்டா, நீ கொழம்புல கெடக்குற கோழியச் சொல்றியே!" என்றேன். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நல்ல வார்த்தை விழுந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷம் வேறு.

அவள் போய் உட்கார்ந்து நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். அப்போது ஒரு பொடியன் கேட்டான்: "டீச்சர், கோழிக்குத்தான் பல்லு இல்லையே, சோளத்த எப்படி மெல்லும்?" எனக்குத் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சமாளித்தேன்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான்காம் நாள் மனசு கேட்காமல் அவர்கள் கடைக்குப் போனேன்.

"வாங்க டீச்சர்" என்று அவளுடைய அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நானே வரணும்னு இருந்தேன். பிள்ள டியூஷனுக்கு வரமாட்டேங்குது. சோப்பப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கையக் கழுவுது. 'எம்மேல கோழி வாடை அடிக்குதாப்பா'ங்குது. 'நீ விடவும் வராத, கூப்பிடவும் வராத'ங்குது. பள்ளிக்கூடத்துல யாரும் எதுவும் சொன்னாகளோ என்னமோ."

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். பழி பள்ளிக்கூடத்தின் மேல் போயிருக்கும். ஆனால் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இருந்தது. "நான்தான்ணே சொன்னேன்" என்று நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டதோ வேறு.

"கை தூக்குனாளா? அவளாவா?"

குரலில் அப்படியொரு பூரிப்பு. நாலு திட்டு திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கடைக்குப் பின்னால் அவள் கூண்டுக்குள் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தேன். திரும்பவில்லை.

"அன்னைக்கு நான் சிரிச்சது தப்புதான் ஆத்தா" என்றேன். "அந்தப் பல்லு விஷயம் எனக்கு இன்னும் தெரியல. நெசமாவே தெரியல."

அவள் இன்னொரு பிடி தீனியை அள்ளிப் போட்டாள். பிறகு கூண்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "அதான் கல்லுப் பைன்னு சொன்னேன்ல. மேயிறப்ப குட்டிக் குட்டிக் கல்லா முழுங்கிரும். அந்தக் கல்லுதான் உள்ள சோளத்த அரைக்கும். அப்பா கீறுனா கொட்டும்."

"எல்லாக் கோழிக்குமா?"

"பிராய்லருக்கு உள்ள கல்லு இருக்காது. அது எங்கன மேயுது?"

எவ்வளவு பெரிய பாடம் என் மாடிக்கு வந்து, நான் அடித்த ஜோக்கில் திரும்பிப் போயிருக்கிறது! "திங்கக்கிழமை வந்து இத எங்களுக்குச் சொல்லித் தருவியா?" என்று கேட்டேன். அவள் கூண்டுக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

திங்கட்கிழமை வந்தாள். கையில் ஒரு மருந்துப் புட்டி, அதற்குள் கழுவிக் காயவைத்த கற்கள். நான் முதலில் பிள்ளைகள் முன்னால், அன்றைக்கு அவள் சொன்னதுதான் சரி, சிரித்த எனக்குத்தான் விஷயம் தெரியவில்லை என்று சொன்னேன். பிறகு சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். கோழியின் வயிற்றுக்குள் ஒரு வட்டம் போட்டுக் கல்லுப் பையைக் காட்டினாள். கிலோ விலை கேட்ட பையன் ஒரு கல்லை வாங்கி உருட்டிப் பார்த்து, "வழுவழுன்னு இருக்குடா" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அவள் ஐந்தாம் வகுப்பு. நன்றாகப் பேசுகிறாள், கேள்வி கேட்டு என்னைத் திணறடிக்கவும் செய்கிறாள். ஒன்று மட்டும் மாறவில்லை. அவளுடைய அப்பா இன்றைக்கும் பைக்கைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுகிறார். அவள் இறங்கி, தனியாக நடந்து வருகிறாள். வாசல் வரை வாருங்கள் என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன். "இருக்கட்டும் டீச்சர், பிள்ளைக்கு அதான் பிடிக்குது" என்று சிரிக்கிறார்.

ஒரு பிள்ளை ஏதோ சொல்லி மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தால், என் கண் தானாக மாடிச் சுவரைத் தாண்டி அந்தத் தெருமுனைக்குப் போகிறது. அங்கிருந்து என் வாசல் வரைக்கும் உள்ள நாற்பது அடி, என்னுடைய ஒரு சிரிப்பு போட்ட தூரம்.