கசடு இறங்குகிறது என்று சந்தோஷப்பட்ட மூன்று நாட்கள்

ஆலங்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குத் தனியாகப் படிப்பு வேண்டாம். ஊரே தன் காகிதங்களைக் கொண்டுவந்து கண்ணாடி மேல் கவிழ்த்துவிட்டுப் போகிறது. பட்டா, சாதிச் சான்று, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் வரும். நான் பத்தாவதோடு நின்றவன். மெஷின் சூடாகிற நேரத்தில் வந்ததையெல்லாம் படித்துவிடுவேன். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடிகிறதா? "கொழுப்பு கொஞ்சம் கூட இருக்கு பெரியப்பா, மஞ்சக்கருவைத் தள்ளிருங்க" என்று சொன்ன பிறகுதான் காகிதத்தைத் திருப்பிக் கொடுப்பேன். அப்படியே எனக்கு "கால் டாக்டர்" என்று பேர் வந்தது. அரை டாக்டராக ஆக்கக்கூட யாருக்கும் மனசு வரவில்லை.

அதனால்தான் என் மனைவியின் அண்ணனுக்கு நுரையீரலில் கேன்சர் என்று தெரிந்தபோது, திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூடப் போகிற ஆள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் போன் நம்பரையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மச்சான் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். பீடி, சிகரெட் என்று எதையும் தொட்டதில்லை. "புகையே குடிக்காதவனுக்கு எப்புடி மாப்ளே வந்துச்சு?" என்று டாக்டரைக் கேட்க வேண்டியதை என்னைக் கேட்டார். அப்படியும் வரும் என்று டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். ஆனால் கொஞ்சம் இழுத்துச் சொன்னேன்.

முதலில் கீமோ கொடுத்தார்கள். வேகமாகப் பெருகுகிற செல்களைத் தேடி அடிக்கிற மருந்து அது. கேன்சர் செல் வேகமாகப் பெருகும். முடியின் வேரும் அப்படித்தான். மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. மச்சானின் மீசை போய்விட்டது. மீசை இல்லாமல் தோப்புக்குள் நுழைந்தவரைப் பார்த்து அவர் வளர்த்த நாயே குரைத்தது.

அதற்குப் பிறகுதான் இம்யூனோதெரபி வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். டாக்டர் படம் போட்டு விளக்கினார். மச்சான் பயபக்தியாகத் தலையாட்டினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லு மாப்ளே. அவர் என்ன சொன்னார்?"

நான் ஒரு கல்யாணப் பந்தியை விரித்தேன்.

"கேன்சர்ங்கிறது வெளியாள் இல்ல மச்சான். நம்ம பங்காளிதான். சாப்புட்டா எந்திரிக்கணும்ல? இவன் எந்திரிக்கல. மொத பந்தி, ரெண்டாம் பந்தி, மூணாம் பந்தின்னு உக்காந்தே இருக்கான். பக்கத்துல தன் ஆளுகளையும் சேத்துக்கிறான்."

"ம்."

"பந்தியைப் பாத்துக்கிற ஆளுகதான் நம்ம ரத்தத்துல இருக்கிற வெள்ளையணு. இவனை எழுப்பி விடத்தான் வாராங்க. இவன் என்ன செய்யுறான், 'மாமா சவுக்கியமா'ன்னு தோள்ல கையைப் போட்டுர்றான். வந்தவன் அசடு வழிஞ்சுக்கிட்டுப் போயிர்றான். சொந்தக்காரங்களை அடிச்சுப்புடக் கூடாதுன்னு வெள்ளையணு தோள்லயே ஒரு பிரேக் வச்சுருக்கு. அதைத்தான் இவன் அமுக்குறான். இந்த மருந்து அந்தப் பிரேக் மேல கை படாம மூடிருது. அம்புட்டுத்தான்."

மச்சான் கீரனூர் வரைக்கும் யோசித்தார்.

"எந்திரிக்காத பங்காளி யாருன்னு எனக்குத் தெரியும் மாப்ளே. தெக்கு வீட்டுக்காரன்."

மருந்து வேலை செய்தது. மோட்டார் கொட்டகை வரை நடந்தாலே இரைக்கும் மனிதர், ரெண்டு மாதத்தில் தேங்காய் வெட்டுகிறவர்களோடு சண்டை போடத் தொடங்கினார். அடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. அந்த ரிப்போர்ட்டை யாரும் கேட்காமலே நான் ஆறு காப்பி எடுத்தேன்.

தப்பு நடந்தது அங்கேதான். எதிர்ப்பு சக்தியைத் தூண்டுகிற மருந்து என்று நான் ஒருவரிடம் சொல்லப்போக, அது ஊரெல்லாம் பரவியது. சக்தியைத் தூண்டுவது என்றால் நாமும் ஒரு கை கொடுப்போமே என்று ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். முருங்கைக்கீரை சூப்பும் நாட்டுக்கோழி ரசமும் வந்தன. மீமிசலில் இருந்து மீன் வண்டியில் வரும் பாய் கருஞ்சீரகத்தைத் தேனில் குழைத்துக் கொண்டுவந்தார். மச்சானின் வீட்டுக்காரி ஒரு ஜாடி நிறைய நெல்லிக்காய் ஊறப்போட்டிருந்தார். எனக்கு அவர் அக்கா முறை.

நாலாவது டோஸ் போட்டுவிட்டு வந்த பத்தாம் நாள் அக்கா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு தெளிவு.

"தம்பி, மருந்து நல்லாப் புடிச்சுக்கிருச்சு. காலையில இருந்து போயிக்கிட்டே இருக்காக. கசடெல்லாம் எறங்குது."

எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூட லீவு விட்டதும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து விளக்கெண்ணெய் கொடுக்கிற வீடுகள் இப்போதும் உண்டு. கீழே போவதெல்லாம் கசடு, போகப் போக உடம்பு சுத்தம் என்பது கணக்கு. அந்த விளக்கெண்ணெயில் வளர்ந்தவன்தான் நானும்.

"நல்லதுதாங்க்கா. இருந்ததெல்லாம் வெளிய போகட்டும்" என்றேன். கால் டாக்டர் சொல்லிவிட்டான் என்று அக்கா நெல்லிக்காயை ஒன்று கூட்டிக் கொடுத்தார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். பார்க்க வந்தவர்களெல்லாம் முகம் மலர்ந்து திரும்பினார்கள். "வத்திட்டாரே" என்று ஒருவர் சொன்னதற்கு, "நோயி வத்துது" என்று அக்கா பதில் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியில் முதல் நாளே ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். என்னென்ன நடந்தால் உடனே போன் செய்ய வேண்டும் என்று தமிழிலேயே அச்சடித்த தாள். ஊரார் காகிதத்தையெல்லாம் ஒரு வரி விடாமல் படிக்கிற நான், அந்தத் தாளை அழகாக லேமினேஷன் போட்டு, மச்சான் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தேன். படிக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி நர்ஸ் தற்செயலாக எனக்குப் போன் செய்தது. அடுத்த டோஸுக்குத் தேதி சொல்வதற்காக. சின்னப் பெண்தான்.

"ஐயா எப்படி இருக்காங்க?"

"ஜம்முன்னு இருக்காரும்மா. மூணு நாளா கசடெல்லாம் எறங்குது."

அந்தப் பெண்ணின் குரல் சட்டென்று மாறியது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

எனக்குத் தெரியவில்லை. மச்சானையும் அதே லைனில் சேர்த்துவிட்டேன்.

"வயித்தால எத்தனை தடவை போகுதுங்க ஐயா?"

பேத்தி வயசுப் பெண் இதைக் கேட்டால் மச்சான் என்ன செய்வார்? தொண்டையைச் செருமினார். "என்னமோ போகுதும்மா. ஒரு ரெண்டு இருக்கும்."

பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ரெண்டா? விடிஞ்சதுல இருந்து ஒம்போது. வாசப்படியில உக்காந்து எண்ணிக்கிட்டுல இருக்கேன். இவுக செருப்பைக் கழட்டவே நேரமில்லை."

"உடனே கிளம்பி வாங்க" என்றது நர்ஸ். "கடையில மாத்திரை எதுவும் வாங்கிப் போட்டுறாதீங்க."

கார் பிடித்தோம். ஆலங்குடியிலிருந்து திருச்சி வரைக்கும் எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கிறது, எதில் தண்ணீர் வரும், எதில் தாழ்ப்பாள் இல்லை என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வேன். ஒரு பங்கில் டீசல் போடுகிற ஆள், "திரும்பியும் வந்துட்டீங்களா?" என்றான். அவன் எங்களைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எங்களுக்கு முன்னால் யாரோ இதே பாடு பட்டிருக்க வேண்டும்.

கீரனூர் தாண்டியதும் மச்சான் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். உதடு வெடித்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"மாப்ளே. மருந்தை நிறுத்திப்புடுவாங்களா?"

கண்ணைத் திறக்காமலே தொடர்ந்தார்.

"அந்தத் தாளை நான் படிச்சேன். மொத நாளே படிச்சேன். சொன்னா நிறுத்திருவாங்கன்னுதான் வாயைத் தொறக்கல. இப்பத்தான் மூச்சு விடுறேன் மாப்ளே."

டிரைவரை இன்னும் வேகமாக ஓட்டச் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிரேக்கை மூடிவிட்டால் வெள்ளையணுக்கள் கட்டியோடு நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, இவருக்குக் குடலின் உள்தோலையே அடிக்கத் தொடங்கிவிட்டன என்றார். இன்னும் சில நாள் விட்டிருந்தால் குடலே ஓட்டையாகியிருக்கலாம். அவற்றை அமர்த்த ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். மருந்து இப்போதைக்கு நிறுத்தம். திரும்பத் தொடங்குவது குடல் ஆறுவதைப் பொறுத்தது.

மச்சான் படுக்கையில் இருந்தபடி என்னைப் பார்த்தார். "எந்திரிக்காதவனை எழுப்பச் சொன்னா, இலையில உக்காந்த அத்தனை பேரையும் கழுத்தைப் புடிச்சுத் தள்ளிட்டானுக. அப்புடித்தானே மாப்ளே?" டாக்டர் என்னவென்று கேட்டார். சொன்னேன். மனிதர் சிரித்துவிட்டு, இதை எழுதித் தரச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு விளக்குவதுதான் பெரும்பாடு. "ஏத்தணும்னு சொன்னீக, ஏத்துனேன். இப்ப அமத்தணும்ங்கிறீக. ஒரு ஜாடி நெல்லிக்காயை நான் எந்தத் தலையில கொட்ட?" என் தலையைத்தான் பார்த்தார். ஸ்டீராய்டு மச்சானுக்கு யானைப் பசியைக் கொடுத்தது. பத்தியச் சோற்றை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற வாசனைக்கு மூக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தார்கள். வயிற்றால் போவதும் ஒன்பது தடவை ஐந்தானது, ஐந்து மூன்றானது. அக்கா தினமும் காலையில் கடைக்குப் போன் செய்து எண்ணிக்கையைச் சொல்வார். நான் ஸ்பீக்கரில் போட்டிருப்பேன். பட்டா நகல் எடுக்க வந்தவர்களுக்குக்கூட மச்சானின் நிலவரம் அத்துப்படி.

ஏழாவது வாரம் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஆறியிருந்தது. ஜாக்கிரதையாக மறுபடி தொடங்கிப் பார்க்கலாம், ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

டிரிப்ஸ் ஏற்றுகிற ஹாலில் வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றிலும் ஆட்கள், கூட வந்தவர்கள். மச்சானுக்கு மீசை அரும்பியிருந்தது. அதே நர்ஸ், ஊசி குத்துவதற்கு முன்னால் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "எத்தனை தடவைங்க ஐயா?" என்றது.

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். தோப்பின் அந்தக் கோடியில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"ஒண்ணு. காலையில ஆறரைக்கு. கெட்டியா."

ஹாலே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் எழுதிக்கொண்டு ஊசியைக் குத்தியது.