தண்ணீருக்குச் சொல்லும் ‘வேண்டாம்’

நோயாளி இருக்கும் எந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “வெந்நீர் இருக்கா?” என்பதுதான். ஒரு வீட்டில் பாவம், ஜெபிக்க வந்தவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்து டம்ளரில் ஆற்றிக் கொண்டுவந்து நீட்டினார்கள். “குடிக்க இல்லம்மா, பக்கெட்ல” என்றார். அன்று வந்து ஒட்டிக்கொண்டது பெயர்: வெந்நீர்ப் பாஸ்டர்.

அதற்கு முன்னால் அவரை என்னவென்று அழைப்பது என்று சபையே திண்டாடியது. பாஸ்டரம்மா என்றால் பாஸ்டரின் மனைவி. இங்கே பாஸ்டரே அம்மாதான். அவருடைய கணவர் லேத் பட்டறையில் வேலை செய்பவர். “பாஸ்டர் பொண்டாட்டி பாஸ்டரம்மான்னா, நான் பாஸ்டரப்பாவாடா?” என்று அவரே பட்டறையில் சொல்லிச் சிரித்தார். அந்தப் பெயரும் நிலைத்துவிட்டது.

போதகராகும் முன்பு அவர் ஆஸ்பத்திரியில் உதவியாளர். படுக்கைப் புண் வராமல் நோயாளிகளைப் புரட்டிப் போடுவது, பல்செட்டைக் கழுவுவது, கடைசி மூச்சுக்குப் பிறகு கண்ணை மூடிவிடுவது என்று இளமை முழுவதும் அங்கேதான் போயிற்று. கூடவே இறையியல் படித்தார். வார்டில் அவர் ஜெபிக்கும்போது யாரும் தடுத்ததில்லை. பலிபீடத்தருகே நின்று ஒரு பெண் அப்பம் பிட்கலாமா என்ற கேள்வி வந்தபோதுதான் சபைக் கமிட்டியில் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

கிறீச்சிட்டதில் முதல் நாற்காலி தூணுடையது. தூண் என்பது மரக்கடைக்காரருக்குச் சபை வைத்த பெயர். அப்பம் பிட்டுக் கொடுக்கும் திருவிருந்து மேஜைக்குத் தேக்கு கொடுத்தவர் அவர். மேஜைக்கு முன்னால் எப்படி நிற்க வேண்டும், எப்படி வாங்க வேண்டும் என்பதற்கும் அவர்தான் காவல். இடது கைமேல் வலது கையை வைத்து, கிண்ணம் போலக் குவித்துத்தான் அப்பத்தை வாங்க வேண்டும். யாராவது ஒற்றைக் கையை நீட்டினால் வரிசையின் கோடியிலிருந்து தொண்டையைச் செருமுவார். கை தானாக இரண்டாகிவிடும்.

“அந்த மேஜைத் துணியை நான் துவைக்கலாம், இஸ்திரி போடலாம், விரிக்கலாம். விரிச்ச கையோட நகர்ந்துக்கணுமா?” என்று வெந்நீர்ப் பாஸ்டர் கமிட்டியில் கேட்டார்.

“உயிர்த்தெழுந்த சேதிய முதல்ல கொண்டு வந்தது யாரு? பொம்பளைங்கதானே?” என்று பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

தூண் வாதாடவில்லை. “வேண்டாம்” என்றார். அவ்வளவுதான்.

ஆனாலும் தீர்மானம் நிறைவேறிவிட்டது, வெந்நீர்ப் பாஸ்டருக்குப் போதகராக அபிஷேகமும் ஆயிற்று. தூண் கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போய்விடவில்லை. மூத்த போதகர் அப்பம் கொடுக்கும் ஞாயிறுகளில் முதல் ஆளாக எழுந்து போவார். வெந்நீர்ப் பாஸ்டர் கொடுக்கும் ஞாயிறுகளில் இருக்கையை விட்டு அசைய மாட்டார். அந்த நாட்களில் அவருடைய மனைவி மட்டும் அவர் முழங்காலைத் தாண்டிக்கொண்டு போய் வாங்கி வருவார்.

பிறகு மூத்த போதகர் மாற்றலாகிப் போனார். அடுத்த மழைக்காலத்தில் தூணுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது, ஒரே ஒரு சொல்லைத் தவிர. எதைக் கேட்டாலும் அதுதான் வரும்: “வேண்டாம்.”

இதயமும் தளர்ந்துவிட்டது, அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொன்ன பிறகு மனைவி ஆள் அனுப்பினார். திருவிருந்து வாங்காமல் அவர் போய்விடக் கூடாது. ஆனால் கொடுக்க இருப்பது ஒரே ஒரு போதகர்.

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வெந்நீர்ப் பாஸ்டர் போனார். வாசலில் வழக்கமான கேள்வி. பக்கெட் வந்தது.

“பேசறது புரியுதா அவருக்கு?”

“எல்லாம் புரியுது பாஸ்டரம்மா. வாயிலதான் வேற வரமாட்டேங்குது. தண்ணிக்கு வேண்டாம்னா வேணும்னு அர்த்தம். சூப்புக்கு வேண்டாம்னா வேண்டாம்னே அர்த்தம்.”

“எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?”

“கல்யாணம் ஆன நாள்லருந்து அதைத்தானே பண்றேன்.” சிரித்துவிட்டு அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “ஆனா இதுக்குச் சொன்னார்னா எனக்கே தெரியாதும்மா. பழைய வேண்டாமா, புது வேண்டாமான்னு.”

மகன் குறுக்கிட்டான். “வாயில வெச்சிடுங்க. முழுங்கிடுவார். மாத்திரையெல்லாம் அப்படித்தான் கொடுக்கறோம்.”

“மாத்திரைக்குச் சரி தம்பி. இதை அப்படிக் கொடுக்கக் கூடாது.”

படுக்கை நனைந்திருந்தது. வந்த காரியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். மகனை ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி, தூணைப் புரட்டி, துடைத்து, முதுகில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்து, விரிப்பை மாற்றினார். தூண் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார்.

“கண்ணைத் திறங்க ஐயா. இதைவிடப் பெரிய தூணையெல்லாம் புரட்டியிருக்கேன்.”

மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். மருந்துப் பாட்டில்கள் இருந்த முக்காலியைக் காலி செய்து, பையிலிருந்த வெள்ளைத் துணியை விரித்தார். அப்பத் தட்டும் திராட்சரசக் கிண்ணமும் வைத்தார். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தொடங்கினார்.

இரண்டாவது வரியில் இன்னொரு குரலும் சேர்ந்தது. ஆழமான, கோயில் பின்வரிசை வரை போகும் குரல். ஒரு சொல் தடுக்கவில்லை, ஒரு எழுத்து விழவில்லை. மனைவியின் கையிலிருந்த ஸ்பூன் தரையில் விழுந்தது. பேச்சிழந்தவர்களுக்குப் பாட்டும் ஜெபமும் மிஞ்சியிருப்பதை வெந்நீர்ப் பாஸ்டர் வார்டில் பார்த்திருக்கிறார். காரணமும் தெரியும். தெரிந்தும் அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வீடு இடிந்த பிறகும் உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருப்பதைப் பார்த்தது போல இருந்தது.

ஆமென் ஆயிற்று. அப்பத்தைப் பிட்டார். விக்கிக்கொள்ளாமல் இருக்கச் சிறு துணுக்கைக் கிண்ணத்தில் நனைத்து எடுத்துக்கொண்டார்.

“ஐயா, இது என் கையால. மனசு இருந்தா மட்டும். இல்லன்னா சும்மா ஜெபம் பண்ணிட்டுப் போறேன், வருத்தமில்ல. வேணுமா?”

“வேண்டாம்.”

தெளிவாக வந்தது. கமிட்டியில் வந்த அதே குரல். மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெந்நீர்ப் பாஸ்டர் துணுக்கைத் தட்டில் வைக்கப் போனார்.

அப்போது போர்வைக்கு மேல் இடது கை நகர்ந்தது. மெல்லப் போய், செத்துக் கிடந்த வலது கையின் மணிக்கட்டைப் பிடித்தது. மூட்டையை இழுப்பது போல அதை மார்புக்கு இழுத்தது. அங்கே வைத்துவிட்டு அதற்கு அடியில் தானே நுழைந்தது. இடது கை கீழே, வலது கை மேலே. மடங்கிக் கிடந்த விரல்களைக் கீழிருந்த கை நெம்பி நெம்பி விரித்தது. கிண்ணம் போல ஆயிற்று.

வாய் மறுபடி, “வேண்டாம், வேண்டாம்” என்றது. கை அசையவில்லை.

வார்டில் ஆயிரம் கைகளைக் கழுவியவர் அவர். இப்படி ஒரு கையை அவர் பார்த்ததில்லை. அப்பத்தை அந்தச் செத்த உள்ளங்கையில் வைத்தார். இடது கை அதைத் தாங்கித் தூக்கி, மெல்ல மெல்ல வாய்வரை கொண்டுபோனது. யாரும் உதவவில்லை. உதவ யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தூண் விழுங்கி முடிக்கும்வரை தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் துடைத்துவிட்டார். தலையணையைச் சரி செய்தார். துணியை மடித்தார்.

வாசலில் ஒரு செருப்பை மாட்டியவர் மற்றொன்றை மாட்டாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி பின்னாலேயே வந்தார்.

“அடுத்த ஞாயிறும் வருவீங்களா பாஸ்டர்?” அம்மா என்ற ஒட்டு அந்தப் பெயரிலிருந்து எப்போது கழன்றது என்று சொன்னவருக்கே தெரியவில்லை.

பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து சத்தமாக வந்தது: “வேண்டாம்!”

வெந்நீர்ப் பாஸ்டர் மற்றொரு செருப்பையும் மாட்டிக்கொண்டார்.

“அது தண்ணிக்குச் சொல்ற வேண்டாம்” என்றார் மனைவி. “வெந்நீர் போட்டு வெச்சிடறேன், வாங்க.”