வலிக்காத பல்லோடு வந்தவர்கள்

பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் ‘அக்கா’ பட்டம் கிடைத்ததில் அவளுக்கு உள்ளூரக் குஷி. வந்தவர்களிடம் பெயர் கேட்பது, உட்காரச் சொல்வது, அழுகிற பிள்ளைகளைச் சமாளிப்பது, இவைதான் வேலை. கடைசியில் சொன்னதுதான் உயிரை வாங்கும். சுவரில் ஆளுயரச் சொத்தைப் பல்லின் படம், உள்ளேயிருந்து மெஷின் சத்தம். அதற்கு நடுவில் உட்காரவைத்தால் எந்தப் பிள்ளைதான் சிரிக்கும்?

ஒருநாள் அவள் அக்கா மகன் வீடு மாறும்போது, “சித்தி, இதை மட்டும் உங்க வீட்டுல வச்சுக்குங்க, அங்க இடமில்ல” என்று ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிவிட்டுப் போனான். அத்தனையும் அவன் சின்ன வயதில் படித்த கதைப் புத்தகங்கள். பாடப் புத்தகம் தவிர எதையும் புரட்டிப் பார்க்காதவள் அவள். மதியத்தில் கண் சொக்காமல் இருக்கட்டுமே என்று ஒன்றைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். கடற்கொள்ளைக்காரர்கள் தெரியாத்தனமாக ஓர் ஆட்டைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்துவிடுகிற கதை. புதையல் வரைபடத்தை ஆடு தின்றுவிடும் இடம் வந்ததும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

எதிரே கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஒரு வாண்டு கேட்டது: “எதுக்குக்கா சிரிக்கிறீங்க?”

“ஆடு வரைபடத்தைத் தின்னுடுச்சு.”

“அப்போ புதையலை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?”

“அதான் எனக்கும் தெரியல. வா, பாப்போம்.”

உள்ளேயிருந்து கூப்பிட்டுக் கூப்பிட்டு டாக்டருக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

மறுநாளே அட்டைப்பெட்டி கிளினிக் மேஜைக்கு அடியில் குடியேறியது. யாருக்கு எதைக் கொடுப்பது என்பதில் ஆரம்பத்தில் நன்றாகவே சொதப்பினாள். பல் பிடுங்க வந்த பயந்தாங்கொள்ளிப் பையன் ஒருவனிடம் ஒரு குகைக் கதையை எடுத்துக் கொடுத்தாள். அதில் வரிசை வரிசையாகப் பல் முளைத்த பூதம் வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அட்டையைத் தாண்டி அவள் படித்திருந்தால்தானே! பையன் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டான். அவன் அப்பாவும் அவளும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுக்கவேண்டியதாயிற்று.

தான் படிக்காத எதையும் இனி யார் கையிலும் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். வீட்டில் ஒரு கையில் கரண்டியும் மறு கையில் புத்தகமுமாக நின்றாள். அடுப்பில் வைத்ததெல்லாம் அடிப்பிடித்தது. “இன்னைக்கு யாரு, கொள்ளைக்காரனா பூதமா?” என்று கேட்டுக்கொண்டே கணவர் கருகியதைச் சுரண்டிப் போட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

படிக்கப் படிக்க ஆள் பார்த்துக் கொடுக்கும் நிதானம் வந்தது. நடுங்குகிறவர்களுக்குச் சிரிப்புக் கதை. சோபா மேல் ஏறிக் குதிக்கிறவர்களுக்குச் சாகசம். அழுகிற தம்பிக்குத் துணையாக வந்து அலுத்துப்போன அக்காமார்களுக்கு, தம்பியைத் திருடர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டு, அவன் தொல்லை தாங்காமல் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற கதை.

ஒருத்தி மட்டும் எதற்கும் மசியவில்லை. லாரி டிரைவரின் மகள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“எனக்குக் கதைப் புத்தகம் பிடிக்காது.”

“ஏம்மா?”

“கடைசியில எல்லாரும் திருந்திடுவாங்க. அப்புறம் டீச்சர் இதுலேருந்து என்ன கத்துக்கிட்டேன்னு கேப்பாங்க.”

டோக்கன் அக்காவுக்கு அந்தக் கோபம் நியாயமாகவே பட்டது. பெட்டியைத் துழாவி ஒன்றை எடுத்தாள். “இதுல ரெண்டு அத்தைங்க பலூன்ல ஏறி, காணாமப் போன யானையைத் தேடுறாங்க. வழியெல்லாம் சண்டை. கடைசி வரைக்கும் ஒருத்தரும் திருந்த மாட்டாங்க.”

“நிஜமாவா?”

“நான் கேரண்டி. கேள்வியும் கேக்க மாட்டேன்.”

முறை வந்தபோது அவள் புத்தகத்தோடேயே உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்தாள். வாயைத் திறக்கச் சொல்லும் வேலை டாக்டருக்கு மிச்சம். சிரித்துச் சிரித்து அது திறந்தேதான் இருந்தது. ஆனால் உடம்பு குலுங்கியதில் சொத்தையை அடைக்க முடியவில்லை. அவர் புத்தகத்தைப் பிடுங்கித் தன் மேஜையில் வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு வேலையை முடித்து அவளை வெளியே அனுப்பினார்.

அடுத்தவரைக் கூப்பிடும் குரல் வரவேயில்லை. உள்ளேயிருந்து ஏதோ விக்கல் மாதிரிச் சத்தம் கேட்டது. டோக்கன் அக்கா கதவைத் தட்டினாள். “டாக்டர், அடுத்தவங்களை அனுப்பட்டுமா?”

“ஒரு நிமிஷம்மா. யானை இப்பத்தான் கிடைச்சிருக்கு.”

வெளியே நின்ற சிறுமி துடித்துப்போனாள். “சார், சொல்லாதீங்க சார். நான் இன்னும் அங்க வரல.”

அன்று புத்தகம் அவளோடு வீட்டுக்குப் போனது. சில நாள் கழித்து அவள் அப்பாவை இழுத்துக்கொண்டு மறுபடி வந்து நின்றாள்.

“பல்லு வலிங்கிறா. எந்தப் பல்லுன்னு கேட்டா, கேக்குறப்பல்லாம் வேற ஒண்ணைக் காட்டுறா” என்றார் அவர்.

டாக்டர் பார்த்தார். சொத்தையுமில்லை, வீக்கமுமில்லை. இந்த மாதிரி வலிக்காத பல்லோடு வருகிறவர்கள் கொஞ்ச நாளாகவே பெருகியிருந்தார்கள். “இதுக்கு மருந்து வெளியிலதான் இருக்கு” என்று சிரித்தவர், டோக்கன் அக்காவைக் கூப்பிட்டார். “சனிக்கிழமை சாயங்காலம் கிளினிக் சும்மாதானேம்மா கிடக்கு? பிள்ளைங்க வந்து படிக்கட்டும். பல்லு வலின்னு பொய் சொல்லவேண்டியதில்ல.”

அவள் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தபோது டிரைவர் மேஜையருகே தயங்கி நின்றார். “லோடு ஏத்துற இடத்துல மணிக்கணக்கா காத்துக்கிடப்பேன். பெரியவங்களுக்கும் குடுப்பீங்களா?”

“தாராளமா. சாகசமா, சிரிப்பா?”

“ரோட்டுல பாக்குற சாகசமே போதும்மா. சிரிப்பே குடுங்க.”

டோக்கன் அக்கா ஆட்டுத் தலைவனை எடுத்து நீட்டினாள். மகள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, அப்பா முடித்ததும் தனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவைத்தாள்.