செம்பருத்தி இலையில் ஒரு பிள்ளை

இதை எழுதலாமா வேண்டாமா என்று தயங்கியே என் வயதில் பாதி போய்விட்டது. எத்தனையோ தடவை உட்கார்ந்து முதல் வரியை எழுதிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் குறை இருந்தால் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் குறை இல்லை. மாரியம்மா சாட்சியாக, கண்ணால் கண்டதையும் என் கையால் செய்ததையும்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பன்னிரண்டு வயது. மலேசியாவில் சிம்பாங் பூலாயிலிருந்து உள்ளே போகிற செம்மண் ரோட்டில் நாலு மைல் போனால் எங்கள் தோட்டம். ரப்பர் பால் மரக் காட்டுக்கு நடுவே இரண்டு வரிசை லயத்து வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி. கிழக்கே சுண்ணாம்பு மலை நின்றதால் வெயில் எங்களுக்குத் தாமதமாகத்தான் வரும்.

ஆறாம் வகுப்புக்கு ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஓர் இளம் வாத்தியார் வந்துகொண்டிருந்தார். இலை தன் சாப்பாட்டைத் தானே சமைக்கிறது, அதற்கு அடுப்பு வெயில்தான் என்று ஒரு வியாழக்கிழமை சொன்னார். நாங்கள் சிரித்தோம். சிரிக்காதீர்கள், இலையையே சொல்ல வைக்கிறேன் என்று ஆளுக்கு ஒரு துண்டு கறுப்புத் தாள் கொடுத்தார். நடுவில் பிடித்த உருவத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். மீதித் தாளைச் செடியிலேயே ஓர் இலையின்மேல் இரண்டு பக்கமும் மூடுகிற மாதிரி கட்ட வேண்டும். மறுநாள் வெயில் ஏறுமுன் கட்டி, ஞாயிறு சாயங்காலம் பறித்து ஈரத்துணியில் சுற்றித் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். வெட்டின ஓட்டை வழியாக வெயில் பட்ட இடத்தில் மட்டும் இலை மாவு சேர்த்திருக்கும், மருந்து ஊற்றினால் அந்த உருவம் தெரியும் என்றார்.

பையன்கள் நட்சத்திரமும் ஆகாயக் கப்பலும் வெட்டினார்கள். நான் ஒரு குழந்தையை வெட்டினேன். தலை, இரண்டு கை, இரண்டு கால். காரணம் என் அத்தை. அப்பாவின் தங்கை, நாலு வீடு தள்ளிக் குடியிருந்தாள். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவது அப்போது ஏழு மாதம். இலையில் பாப்பா வந்ததும் அத்தையிடம் காட்ட வேண்டும், அத்தை சிரிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. எங்கள் வீட்டுச் செடிகளை ஆடு மேய்ந்துவிட்டிருந்தது. அத்தை வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் டின்னில் ஒரு செம்பருத்தி தளதளவென்று நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்குப் பூக் கொடுக்கிற செடி.

வெள்ளிக்கிழமை விடியுமுன் அம்மாவும் அப்பாவும் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போன பிறகு எழுந்து போனேன். தாளைக் கட்ட நூல் இல்லை. சாமித் தட்டில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி மிஞ்சின சிவப்புக் கயிறு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டேன். அத்தை பார்த்துவிடக் கூடாதென்று சுவரோரம், கீழே இருந்த இலையாகப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். பனி நனைத்த தாளிலிருந்து சாயம் இறங்கி விரலெல்லாம் கறுப்பாகிவிட்டது. அந்த நேரத்தில் என் முதுகில் ஒரு வெளிச்சம் பட்டு நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. வரிசை வரிசையாக மரங்கள் மட்டும், ஆள்கள் அசையாமல் நிற்பது மாதிரி. ஓட்டமாக வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தேன். நகக்கண்ணில் கறுப்புப் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போயிருக்கிறாள். கத்தவில்லை. நேரம் கழித்து மாமா போய்ப் பார்த்தபோது டின்னுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். கறுப்புத் தாள், சிவப்புக் கயிறு, நடுவே ஒரு குழந்தையின் உருவம். அதுவும் பிள்ளைத்தாய்ச்சி வீட்டுச் செடியில். இதைப் பார்த்து எங்கள் ஆள்கள் வேறென்ன நினைப்பார்கள்? கால் மணி நேரத்தில் லயமே கூடிவிட்டது. என் அம்மா அத்தையைப் பாயில் படுக்க வைத்துக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, புள்ள அசையல" என்றாள் அத்தை. "காலையில ஒதைச்சது. இப்ப கல்லு மாதிரி கெடக்கு அண்ணி."

நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கோயில் பூசாரி உள்ளே வந்தார். யாரும் அதைத் தொடக் கூடாது, கட்டின கை கறுத்து அழுகிப் போகும் என்றார். நான் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். திறந்த வாய் மூடிவிட்டது.

மாமா பால் வெட்டுகிற கத்தியால் கிளையோடு அதை அறுத்து, விரல் படாமல் ஒரு கொட்டாங்கச்சியில் தள்ளி, வேப்பிலை போட்டு மூடினார். கறுப்புத் தாள் கட்டியிருந்த பையன்கள் பழி தங்கள்மேல் விழுமென்று பயந்து அன்றும் பிறகும் வாயே திறக்கவில்லை. யார் செய்தது என்று யாரும் அதிகம் யோசிக்கவில்லை. லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பெரியம்மா தனியாக இருந்தாள். சொந்தப் பெரியம்மா இல்லை. நாங்கள் அப்படிக் கூப்பிடுவோம். புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் பைப்படியில் அத்தைக்கும் அவளுக்கும் பெரிய வாய்ச்சண்டை. வாளியை யார் முதலில் வைத்தது என்பதுதான் சங்கதி. அந்தச் செம்பருத்தியும் அவள் கொடுத்த கிளையில் வளர்ந்ததுதான். இவ்வளவு போதாதா?

மாமா நேரே அவள் வாசலுக்குப் போய்விட்டார்.

"உனக்குப் புள்ள இல்லன்னா எங்க புள்ளயும் வேணாமா?" என்றார்.

பெரியம்மா மீனுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தவள், கையைக்கூடக் கழுவாமல் எழுந்தாள்.

"தம்பி, நான் வாய்க்காரிதான்லா. உம் பொண்டாட்டிய வைய நெனச்சா பைப்படியிலயே வைவேன். பொழுது விடியாம போயி செடியில கட்ட மாட்டேன்."

அதிலேயே பிடித்துக்கொண்டார்கள். விடியுமுன் கட்டினது என்று உனக்கு யார் சொன்னது என்று ஒரு பெண்பிள்ளை கேட்டாள். பெரியம்மா மஞ்சள் கையைச் சேலையில் துடைத்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். பெரியவர்களின் இடுப்புக்கு நடுவே நின்ற என்மேல் அவள் கண் ஒரு நொடி பட்டது. பிறகு மலைப் பக்கம் பார்த்தாள். பூசாரி, சாயங்காலம் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணட்டும் என்று முடித்துவிட்டார்.

சூடம் அணைப்பது என்றால் எங்கள் தோட்டத்தில் கடைசித் தீர்ப்பு. எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து அம்மன் முன்னால் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் ஆத்தா சும்மா விடமாட்டாள். ஆறு மணிக்குக் கோயில் முன்னால் எல்லோரும் நின்றார்கள். பொழுது சாய்ந்து மரத்தடியெல்லாம் இருட்டிவிட்டது. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கொட்டாங்கச்சி நடுவில் இருந்தது. பெரியம்மா தலைக்குக் குளித்து ஈரச் சேலையோடு வந்தாள். நெற்றி நிறைய விபூதி. கல்லின்மேல் சூடத்தை ஏற்றினார்கள்.

"இத நீ செஞ்சியா?" என்று கேட்டார் பூசாரி.

"ஆத்தா அறிய நான் செய்யல."

"செஞ்சது யாருன்னு தெரியுமா?"

அவள் ஆத்தாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள். சொன்ன கையோடு சூடத்தில் ஓங்கி அடித்தாள்.

சூடம் அணைந்தது. ஒரு நூல் புகை எழுந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அவள் கையை எடுத்தாள். எடுத்த இடத்தில், யாரும் பற்றவைக்காமல், நீலமாக ஒரு சின்னச் சுடர் எழுந்து நின்றது. காற்று இல்லை. பக்கத்தில் விளக்கும் இல்லை. நான் பார்த்தேன். அங்கிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அந்தச் சுடர் சூடம் முழுக்கக் கரையும்வரை அசையாமல் எரிந்தது.

யாரும் அவளை அடிக்கவில்லை. அடித்திருந்தாலும் தேவலை. பெண்பிள்ளைகள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்கள். போட்டவளே எடுக்கட்டும், ஆற்றில் விட்டுவிட்டு வரட்டும் என்றார் பூசாரி. பெரியம்மா கொட்டாங்கச்சியை வெறுங்கையால் எடுத்துக்கொண்டு மரங்களுக்குள் தனியாக நடந்தாள். என் மனதில் அப்போது வந்தது ஒன்றே ஒன்று. ஆத்தாவே தப்புப் பண்ணிவிட்டாள். செய்தவள் நான் இங்கே நிற்கிறேன், செய்யாதவளைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். எட்டு மணிவாக்கில் அத்தை, புள்ள ஒதைக்குது அண்ணி, என்று அழுதாள். என் அம்மா ஓடிப்போய் விளக்கேற்றினாள்.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடம் போகிற ஒற்றையடிப் பாதையில் பெரியம்மா நின்றாள். திரும்பி ஓடப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. ஈரத்துணியில் சுற்றின எதையோ என் பைக்குள் வைத்தாள்.

"வாத்தியாரு கேட்டாருல்ல, கொண்டு போயி குடு. படிக்கிற புள்ள வெறுங்கையோட போவக் கூடாது."

நான் பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"அன்னைக்கி வெள்ளன லைட்டு அடிச்சது நாந்தான். பள்ளிக்கூடத்துக்குன்னு அப்புறம் பையனுங்க செடியில கட்டியிருக்கிறத பாத்துப் புரிஞ்சிக்கிட்டேன். நீ வாயத் தொறக்காத. மொதல்ல உங்க அத்தைக்குப் புள்ள நல்லபடியா பொறக்கட்டும். செஞ்சது சொந்த அண்ணன் மகள்னா அவ தாங்க மாட்டா. அப்புறம் நான் பாத்துக்கிறேன்."

அப்படியானால் யாரென்று அவளுக்குத் தெரியும். தெரியாது என்று ஆத்தா முன்னால் சொன்னாளே! பாதையில் நடந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் அது உறைத்தது. ஆத்தா தப்புப் பண்ணவில்லை.

வகுப்பில் வாத்தியார் மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீர் வைத்து, அதற்குள் ஒரு கண்ணாடிக் குவளையில் ஸ்பிரிட் ஊற்றி எங்கள் இலைகளைப் போட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் வாங்கிவந்த ஸ்பிரிட். பச்சையெல்லாம் கரைந்து இறங்கியது. வெளியே எடுத்தபோது இலைகள் ரத்தம் வடிந்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. மேலே அயோடின் ஊற்றினார். பையன்களின் நட்சத்திரம் உடனே நீலக் கறுப்பாக வந்தது, கூச்சல் போட்டார்கள். என் இலை வெளுப்பாகவே கிடந்தது. உனக்கு வரவில்லையே என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்ல, அடியிலிருந்து யாரோ எழுந்து வருவது மாதிரி, முதலில் கால், பிறகு கை, கடைசியில் தலை. மங்கலாக, ஆனால் முழுசாக ஒரு பிள்ளை. வாத்தியார் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, வெயில் இல்லாத இடத்தில் ஒன்றும் இல்லை பார் என்று என் முதுகில் தட்டினார். நான் வெளியே ஓடிவிட்டேன்.

பெரியம்மா இரண்டு வாரம்தான் இருந்தாள். பைப்படியில் அவள் வந்தால் மற்றவர்கள் வாளியை எடுத்துக்கொண்டு போனார்கள். பால் வெட்டில் அவளுக்குப் பக்கத்து நிரையில் நிற்க ஆள் இல்லை. ஒருநாள் தெலுக் இந்தான் போகிற லாரியில் ஒரு பெட்டியும் பாயுமாக ஏறிப் போய்விட்டாள். அத்தைக்கு ஆண் பிள்ளை பிறந்தது. சனியன் தொலைந்ததால் பிறந்தது என்றார்கள். பிள்ளை பிறந்ததும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றவள் அப்போது அங்கே இல்லை. இருந்தது நான்தான். நான் சொல்லவில்லை. முதலில் அப்பாவின் பெல்ட்டுக்குப் பயம். பிறகு அத்தைக்கு மனது கஷ்டப்படுமே என்று. அதற்குப் பிறகு, இத்தனை நாள் கழித்து எதற்கு என்று. இப்படித்தான் வருடங்கள் போயின.

அந்தப் பிள்ளைக்கே இன்று பேரன் இருக்கிறான். போன மாதம் வீட்டு விசேஷத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது அத்தை இந்தக் கதையை மறுபடி சொன்னாள். இப்போது அதில் மூன்று பொம்மைகள் இருக்கின்றன, ஊசிகள் இருக்கின்றன, தலைமுடிகூட இருக்கிறது. பெரியம்மாவைச் சூனியக்காரி என்று இப்போது சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்கின்றன. அன்று ராத்திரி என்னால் சாமி கும்பிட முடியவில்லை. விடிந்ததும் அத்தையிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவள், நீ சின்னப் புள்ளலா, உனக்கு ஞாபகம் தப்பு, சூடம் மறுபடி எரிஞ்சத எங்கண்ணால பாத்தவ நானு, என்று சொல்லிவிட்டாள். அவள் அன்று பாயில் படுத்திருந்தாள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் புரியாதது ஒன்று உண்டு. என்னை அடி வாங்காமல் காப்பாற்றத்தான் பெரியம்மா மறைத்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆத்தா முன்னால் பொய்ச் சத்தியம் பண்ணினதில் அவள் எதை இழந்தாள் என்று அப்போது எனக்குத் தெரியாது. இன்று சின்ன விஷயத்துக்குக்கூட சத்தியம் என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்கு எழுவதில்லை. புருஷனும் பிள்ளையும் இல்லாத அந்த மனுஷிக்குத் துணையென்று இருந்தது அந்த ஆத்தா ஒருத்திதான். தன்னைத் திட்டினவளின் வயிற்றுப் பிள்ளைக்காக அந்த ஆத்தாவையும் பகைத்துக்கொண்டு போனாள்.

இதைப் படிக்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள், ஆனால் இருப்பதை இருக்கிறபடி சொல்லுங்கள். ஊசி சேர்க்க வேண்டாம், முடி சேர்க்க வேண்டாம். பெரியம்மாவைத் தெய்வமாக்கவும் வேண்டாம், அவள் வாய்க்காரிதான். கட்டினது ஒரே தாள், கட்டினது என் கை. சூடம் மறுபடி எரிந்ததையும் மறைக்காதீர்கள், அது எரிந்தது. அவள் அன்று 'நான் செய்யல', 'தெரியாது' என்று இரண்டு பதில் சொன்னாள். எரிந்தது இரண்டாவதற்கு. முதலாவது சத்தியம்.