மைனஸ் பக்கம் சாய்ந்த முள்

என் அக்கா வேன் ஓட்டுகிறாள். வேன் ஸ்டாண்டில் அவளுக்கு முள்ளக்கா என்று பெயர். டேஷ்போர்டில் இருக்கும் ஆம்ப் மீட்டரை அப்படிப் பார்ப்பாள். டைனமோ பேட்டரியில் சார்ஜ் ஏற்றினால் முள் பிளஸ் பக்கம், சார்ஜ் இறங்கினால் மைனஸ் பக்கம். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாது, வண்டியில் முள் அசைந்தால் தெரிந்துவிடும். கட்டிய புருஷனைக்கூட இப்படிக் கவனித்ததில்லை என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன்.

எனக்குப் பிரசவ வலி எடுத்த மத்தியானம், என் வீட்டுக்காரர் வெளியூரில். அக்கா என்னை வேனில் ஏற்றினாள். தெருமுனை தாண்டவில்லை, முள் மைனஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. பேட்டரி காலியாகிறது, எங்காவது எஞ்சின் அணைந்தால் மறுபடி கிளம்பாது என்றாள். ஃபேனை நிறுத்தினாள், ரேடியோவை நிறுத்தினாள். நான் வியர்வையில் குளித்துக்கொண்டு அவளையும் அவள் மீட்டரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எல்லோரும் எஞ்சினை அணைத்தார்கள், இவள் அணைக்கவில்லை. வண்டியிலேயே பெற்றுவிடுவேனோ என்று எனக்கு உயிரே போயிற்று. கேட் திறந்ததும் எதிரே ஒரு லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினாள். லைட் எரிந்தால் முள் இன்னும் மைனஸ் பக்கம் இறங்க வேண்டும். அதுவோ பிளஸ் பக்கம் நகர்ந்தது.

அக்கா லைட்டை அணைத்தாள், போட்டாள், மறுபடி அணைத்தாள். பிறகு பல்லைக் கடித்தாள்.

"உங்க மாமா வேலைடி இது. ஒயரை மாத்தி மாட்டியிருக்காரு."

மாமா, அவள் வீட்டுக்காரர், வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று முந்தின நாள்தான் மீட்டரைக் கழற்றி டேஷ்போர்டுக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார். திரும்ப மாட்டியபோது இரண்டு ஒயரும் இடம் மாறிவிட்டன. பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அக்கா ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். அந்தக் காற்றில் எனக்குப் பாதி வலி போன மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரி வரும்வரை மாமாவை அவள் வைத வசவு இருக்கிறதே, வலியோடு வலியாக நானும் சிரித்தேன்.

பெண் குழந்தை. சாயங்காலம் மாமா வேலை உடுப்போடு ஓடி வந்தார். அக்கா போனில் சொல்லி ஒயர் விஷயம் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்து, அவர் காதுக்கும் வந்திருக்கிறது, அறைக்குள் வரத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றார். அக்கா மடியில் குழந்தை. இன்றைக்கு மனிதர் தொலைந்தார் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"திட்டுறதெல்லாம் அப்புறம். கையில பெயிண்ட் இருக்கும், நல்லாக் கழுவிட்டு வந்து நம்ம பொண்ணைத் தூக்குங்க."