கால் நாடி கேட்கிறவள்

எங்கள் தொழிலில் நோயாளியின் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்போம். முதலில் பார்ப்பது கால். மாட்டுத்தாவணிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், காலுக்கு ரத்தம் போகிறதா என்று கேட்டுச் சொல்வது என் வேலை. பேனா மாதிரி ஒரு கருவி. பாதத்தில் ஜெல் தடவி அதை வைத்தால், உள்ளே ஓடும் ரத்தம் ‘உஷ்... உஷ்...’ என்று பெட்டியில் கேட்கும். சர்க்கரையும் பீடியும் சேர்ந்து ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் அந்தச் சத்தம் மெலியும், பிறகு இல்லாமலே போகும். வீட்டில் யாருக்காவது காலில் ஆறாத புண் வந்து, தினமும் கட்டுப் பிரித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டவரா நீங்கள்? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி.

கண்ணை மூடினால்தான் கேட்கும்

மெல்லிய சத்தத்தைக் கண்ணைத் திறந்துகொண்டு என்னால் கேட்க முடியாது. மூடினால் அறை மறைந்துவிடும், மின்விசிறி மறைந்துவிடும், யாருடைய கால் என்பதுகூட மறந்துபோகும். எங்கோ தூரத்தில் யாரோ வாசல் பெருக்குகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் இருக்கும். அதன் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பேன். விளாங்குடியிலிருந்து வரும் பஸ்ஸிலும் இதே கதைதான், இரண்டு முறை என் நிறுத்தத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஒருநாள் அப்படி லயித்திருந்ததில் ஜெல்லே காய்ந்துவிட்டது. கண்ணைத் திறந்தால் எதிரே டாக்டர். நான் நர்ஸ் இல்லை என்றாலும் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் நான் சிஸ்டர்தான். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: “பேஷன்ட்டுக்கு மயக்க மருந்து வேண்டாம்னுதானே சொன்னேன் சிஸ்டர், நீங்க எப்ப போட்டுக்கிட்டீங்க?”

சேலைக் கடை வாசல்

பழைய நகரத்தில் பூட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு பாய் வந்தார். கொஞ்ச தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நின்றால் விட்டுவிடும். இந்த நோயின் முதல் குணமே அதுதான். தெருவில் சும்மா நிற்க அவருக்கு வெட்கம். அதனால் வலி வந்த இடத்தில் எந்தக் கடை இருக்கிறதோ அதை வேடிக்கை பார்ப்பதுபோல் நிற்பாராம். தொழுகைக்குப் போகும் வழியில் வலி சரியாக ஒரு சேலைக் கடை வாசலில் வரும்.

“கடைக்காரன் என்னையக் கண்டாலே சேலைய விரிச்சுர்றான், வேணாம்னு சொல்ல மனசு வரல. இந்தக் கால் வலியால எங்க வீட்ல மூணு சேலை சேந்துருச்சு சிஸ்டர், அவங்க என்னமோ எனக்கு இப்பத்தான் பாசம் வந்துருக்குன்னு நெனைக்கிறாங்க.”

தலைகீழ் பிரஷர்

சின்னக்கருப்பன் அண்ணனை அவர் மனைவி பேச்சியம்மாள் எழுமலையிலிருந்து கூட்டிவந்தபோது, வலது பாதத்தில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. முள் குத்தியதாம். சூடு பட்டால் சரியாகும் என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் காலை வைத்திருக்கிறார். உணர்ச்சி குறைந்த கால், சுட்டது தெரியவே இல்லை. பாதத்தின் மேல் கருவியை வைத்தேன். ஒன்றுமில்லை. நகர்த்தினேன், ஒன்றுமில்லை. கடைசியில் கணுக்காலுக்குப் பின்னால், ரொம்ப ஆழத்தில், இருக்கிறதா இல்லையா என்று ஒரு மூச்சு மட்டும் கேட்டது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன்.

டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தொடை வழியாகக் கம்பி விட்டு, பலூனால் அடைப்பை விரிக்கப் பார்ப்போம். திறந்தால் பாதம் பிழைக்கும். திறக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும், அதிக நாள் தள்ள முடியாது. பேச்சியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அண்ணன் அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. பிரஷர் பட்டையைக் கையிலிருந்து கழற்றிக் கணுக்காலில் சுற்றிய என்னைத்தான் விசாரித்தார்: “கையில பாக்குற பிரஷரக் கால்ல பாக்குறியே தாயி, நான் என்ன தலைகீழாவா நிக்குறேன்?”

விழுங்கிய எழுத்து

மறுநாள் முதல் ஆளாக அவருக்குச் செய்வதாக முடிவானது. எங்கள் ஆஸ்பத்திரிப் பேச்சில் சிகிச்சையைச் ‘செய்வது’ இல்லை, கேஸை ‘எடுப்பது’தான். நான் வார்டு வழியாகப் போனவள், எந்த நினைப்பில் இருந்தேனோ, அவர் கட்டிலருகே நின்று, “பயப்படாதீங்கண்ணே, நாளைக்குக் காலை எடுத்துருவாங்க” என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வந்தேன். ‘காலைல’ என்று சொல்லியிருக்க வேண்டும். கடைசி எழுத்தை விழுங்கிவிட்டேன்.

மத்தியானம் பேச்சியம்மாள் சாப்பாடு வாங்கிவந்து பார்த்தால் கட்டில் காலி. “நாளைக்குக் கால எடுக்கப் போறாகளாம், அந்தச் சிஸ்டரே சொல்லிருச்சு” என்று அண்ணன் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் காலோடு ஊருக்குப் போய்ப் படுத்தால் கால் மட்டுமில்லை, ஆளும் தங்கமாட்டார். அறுபது எட்டு எடுத்துவைத்தால் நின்றுதான் ஆக வேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தார். வாசலிலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தேன். அறுபதாவது எட்டில் ஒரு ஜூஸ் கடை, விசாரித்தேன், நின்றாராம். அடுத்த அறுபதில் ஆட்டோ ஸ்டாண்டு, அங்கேயும் நின்றாராம். பிறகு முப்பது, பிறகு இருபது. டவுன் பஸ் பிடித்து அரப்பாளையம் போய் ஊர்ப் பக்கம் பஸ் ஏறும் திட்டம். கால் அவரைப் பூ மார்க்கெட் வரைக்கும்தான் விட்டது.

ஏவாரம் ஓய்ந்திருந்த நேரம். ஈரச் சாக்குகளும் மிதிபட்ட மல்லிகையும் வெயிலில் கிறங்கிக் கிடந்தன. எனக்கே தலை லேசாகச் சுற்றியது. கவிழ்த்த கூடைமேல் அண்ணன் காலை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார், யாராவது பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல. நான் தரையில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையதுதான் என்று அழுதே விட்டேன். அவர் எழுந்துகொள்ளக் கையை நீட்டினார்.

“ஒத்த எழுத்துக்கு இம்புட்டுத் தூரம் நடக்க வச்சுப்புட்டியே தாயி.”

மேலிருந்தும் கீழிருந்தும்

காலையில் (கவனியுங்கள், முழுசாக எழுதியிருக்கிறேன்) கேஸை எடுத்தார்கள். நோயாளி விழித்திருப்பார், தொடையில் மட்டும்தான் மரத்துப்போக ஊசி. எக்ஸ்ரே திரையில் கம்பி நெளிந்து நெளிந்து இறங்கி, கெண்டைக்காலில் முட்டி நின்றது. கம்பியை மாற்றிப் பார்த்தார் டாக்டர். மறுபடி முட்டியது. ஒரு மணி நேரம் போனது. “சிஸ்டர், நீங்க வச்ச புள்ளி எங்க?” என்றார் டாக்டர். கணுக்காலுக்குப் பின்னால் அந்த மூச்சு கேட்ட இடம். அங்கிருந்து மேல்நோக்கி இன்னொரு கம்பி விட முடியுமா என்று பார்க்க வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டேன். இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை. அதே மூச்சு, அதே இடம். ஊசி இறங்கியது, மெல்லிய கம்பி ஏறியது. மேலிருந்து ஒன்று, கீழிருந்து ஒன்று. திரையில் இரண்டும் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று தடவித் தேடின, பிறகு சேர்ந்துகொண்டன. பலூன் விரிந்து சுருங்கியது. எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தை விட்டதும், திரையில் வெறுமையாயிருந்த பாதத்தில் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகக் கிளை பிரிந்து நிறைந்தன. கனவில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதத்தில் கருவியை வைத்ததும் அறை முழுக்க ‘உஷ்... உஷ்...’ என்று இரைந்தது. படுத்தபடியே கழுத்தைத் தூக்கிக் கேட்டார் அண்ணன்: “கடைசி வயலுக்கும் தண்ணி பாஞ்சிருச்சா தாயி?”

இரண்டு விரல்

கடைசி வயல் இரண்டும் தப்பவில்லை. கறுத்த விரல்களை ஒரு வாரம் கழித்து எடுத்தார்கள். பாதம் பிழைத்தது, புண் மெதுவாக மூடியது. “இது மறுபடியும் அடைக்கலாம். மாத்திரையை நிறுத்தக் கூடாது, பீடியைத் தொடக் கூடாது, தினமும் நடக்கணும்” என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இந்தச் சிகிச்சையில் யாருக்கும் முழு உத்தரவாதம் எழுதித் தர முடியாது. சிலர் திரும்பி வரும்போது என் பெட்டி மறுபடி ஊமையாக இருந்ததுண்டு. அதனால் மூன்று மாதம் கழித்து அவர் பாதத்தில் கருவியை வைக்கும் முன் பெட்டியின் சத்தத்தைக் கடைசி வரை கூட்டிவைத்தேன்.

சத்தம் இருந்தது. நல்ல சத்தம். நான் கண்ணை மூடி அதிலேயே மிதந்துகொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தபோது அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியிருந்தார், பேச்சியம்மாள் மட்டும் மருந்துப் பையோடு நின்றார்.

“முன்னாடியெல்லாம் வேப்பமரத்தடியில ஒக்காந்து கெடப்பாரு, கூப்புட்டா கெடைப்பாரு. இப்ப காப்பியப் போட்டுட்டு ஊரெல்லாம் தேட வேண்டியிருக்கு, நீங்க எதுக்கு இம்புட்டு நல்லா தொறந்து விட்டீக?”

காலைக் காப்பாற்றிக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது, அது எங்கே போகிறது என்பதை அவரவர் வீட்டில் விசாரித்துக்கொள்ளவும்.